வெயில் ஊரில் ஸ்டாண்ட் மிக்சர்: மாவைச் சூடாக்காமல் பிரெட் பிசைவது எப்படி

புதிதாக ஸ்டாண்ட் மிக்சர் (கிண்ணத்தில் மாவைக் கொக்கியால் பிசையும் மெஷின்) வாங்கியவர்கள் முதல் பிரெட்டைச் சுட்டுவிட்டு என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "மாவு நல்லாத்தான் உப்பி வந்துச்சு, ஆனா பிரெட்டு புளிச்ச வாடை அடிக்குது, உள்ளே உதிர் உதிரா இருக்கு. ஈஸ்ட் சரியில்லையோ?" ஈஸ்ட் மேல் தப்பில்லை. மாவு பிசையும்போதே சூடேறிவிட்டது. மதுரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் எங்கள் சமையலறை காலையிலேயே 33 டிகிரி செல்சியஸில் நிற்கும். டப்பாவில் இருக்கும் மைதாவும் அதே சூட்டில்தான் இருக்கும். அதன் மேல் பத்து நிமிடம் மெஷின் கொக்கி உரசிப் பிசைந்தால் மாவு 35 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் அவசர அவசரமாகப் பொங்கும், மாவு வலுவாவதற்கு முன்பே உப்பிவிடும், புளித்தும்விடும்.

மெஷினோடு வரும் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தால் "வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள்" என்று இருக்கும். அது குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள் தங்களுக்கு எழுதிக்கொண்டது. இந்த மெஷின் பிறந்த இடமே அப்படிப்பட்டதுதான். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஹோபார்ட் கம்பெனியில் இன்ஜினியராக இருந்த ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், ஒரு பேக்கர் கரண்டியை வைத்துக்கொண்டு மாவோடு மல்லுக்கட்டுவதை 1908-ல் பார்த்தார். அதிலிருந்து பிறந்த யோசனை 1914-ல் பேக்கரிகளுக்கான 80 குவார்ட் மிக்சராக வந்தது. அதாவது சுமார் 75 லிட்டர் கொள்ளளவு. வீட்டுக்கான சின்ன மெஷின் 1919-ல் வந்தது. அங்கே குளிர்காலத்தில் மாவைச் சூடேற்றுவது எப்படி என்பதுதான் கவலை. நம் ஊரில் கவலை தலைகீழ்.

என் அப்பா பேக்கரியில் மாஸ்டராக இருந்தவர். கோடையில் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி, சுத்தியலால் உடைத்து, அந்தத் தூளை எடை போட்டுத்தான் மாவு மெஷினில் கொட்டுவார். தண்ணீர்க் கணக்கில் ஐஸும் சேர்த்திதான், தனியாக இல்லை. பிசைந்து முடிந்ததும் புறங்கையை மாவின் மேல் வைத்துப் பார்ப்பார். "கைக்குச் சில்லுன்னு தெரியணும்மா. கையும் மாவும் ஒரே சூடா இருந்தா மாவு நம்மளை மீறிப் போயிருச்சுன்னு அர்த்தம்" என்பார். புறங்கையின் தோல் சுமார் 33 டிகிரியில் இருக்கும். மாவு 26-ல் இருந்தால் கட்டாயம் குளிர்ச்சியாகத்தான் தெரியும். அப்பாவின் கைக்கணக்கு அவ்வளவு துல்லியம். எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை, அதனால் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். சில நூறு ரூபாய்க்கு ஊசி போல் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் இதையும் வாங்கிவிடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு குளிர வேண்டும்?

பேக்கரிக்காரர்கள் போடும் கணக்கு இது. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் சூடு, மைதாவின் சூடு, மெஷின் உரசலால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் மிஞ்சுவதுதான் தண்ணீர் இருக்க வேண்டிய சூடு. வீட்டு ஸ்டாண்ட் மிக்சரில் பத்து நிமிடம் பிசைவதற்கு உரசல் கணக்கு 12, 13 என்று வைத்துத் தொடங்கலாம். அறை 33, மைதா 33, உரசல் 12. மொத்தம் 78. மிச்சம் பூஜ்யம்! கோடை மதியத்தில் ஐஸ் தண்ணீரே ஊற்றினால்தான் மாவு சரியாக நிற்கும் என்று கணக்கே சொல்கிறது.

இதற்கு இன்னொரு வழி, மைதாவை முதல் நாள் இரவே எடை போட்டு, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. மைதா 10 டிகிரிக்கு வந்துவிட்டால், அதே கணக்கில் தண்ணீர் 23 டிகிரி இருந்தால் போதும். ஃபிரிட்ஜ் தண்ணீரையும் பானைத் தண்ணீரையும் கலந்தால் அது வந்துவிடும். நான் கோடை முழுக்க இப்படித்தான் செய்கிறேன், ஐஸை உடைக்கும் வேலை மிச்சம். மார்கழியில் இந்தப் பாடெல்லாம் தேவையில்லை, குழாய்த் தண்ணீரே போதும்.

உங்கள் மெஷினின் உரசல் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். பிசைந்து முடித்ததும் மாவின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்துங்கள். 29 என்று காட்டுகிறது என்றால் மூன்றால் பெருக்கினால் 87. அறை 33, மைதா 33, ஊற்றிய தண்ணீர் 8, ஆக 74. 87-ல் 74 போக 13. அதுதான் உங்கள் மெஷினின் எண். மெஷினின் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள். வெண்ணெய், பால் எல்லாம் சேரும் மாவில் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போகும், ஆனால் திசை தப்பாது.

மெஷினைப் பற்றி

நம் வீடுகளில் வெட் கிரைண்டரோடு மாவு பிசையும் கட்டையும் ஒன்று கொடுப்பார்கள். சப்பாத்தி மாவுக்கு அது போதும். ஸ்டாண்ட் மிக்சர் செய்யும் வேலை வேறு. கொக்கி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, கிண்ணத்தின் உட்புறமெல்லாம் வலமும் வரும். மாவை இழுத்து, மடித்து, மறுபடி இழுக்கும். கோதுமைப் புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற இழுவை வலையாவது இந்த இழுப்பில்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து மாவின் அளவை முடிவு செய்யாதீர்கள். ஈஸ்ட் மாவுக்கு அதிகபட்சம் எத்தனை கிராம் மைதா என்று புத்தகத்தில் இருக்கும், அதைப் பாருங்கள், அதிலும் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். ஐந்து லிட்டர் கிண்ணத்தில் 300 கிராமுக்குக் குறைவாக மைதா போட்டாலும் வேலைக்கு ஆகாது. கொக்கிக்கு மாவு எட்டாமல் சும்மா ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும். வேகம் முதல் இரண்டு எண்களைத் தாண்ட வேண்டாம். ஈஸ்ட் மாவை மூன்று, நான்கில் ஓட்டினால் மெஷின் மேடையில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும், உள்ளே பல்சக்கரமும் தேயும். ஓடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கொக்கியில் மாவு ஏறிக்கொண்டால் நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

மைதா, ஈஸ்ட், பால்

மைதா பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமில் புரதம் எவ்வளவு என்று அச்சடித்திருப்பார்கள். 11 கிராம் அல்லது அதற்கு மேல் உள்ளதைத் தேடி எடுங்கள். 9 என்று இருந்தால் கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் "நல்ல மைதா" என்று கேட்டால் வெள்ளையாக இருப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார், நமக்கு வேண்டியது நிறம் இல்லை.

ஈஸ்ட்டில் இன்ஸ்டன்ட் வகை வாங்குங்கள், அதை நேரே மைதாவில் கலக்கலாம். குறிப்பில் ஆக்டிவ் டிரை ஈஸ்ட் 5 கிராம் என்று இருந்தால் இன்ஸ்டன்ட் 4 கிராம் போதும். கட்டியாக வரும் ஃபிரெஷ் ஈஸ்ட் என்றால் இன்ஸ்டன்ட்டைப் போல் மூன்று மடங்கு. பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே விட்டால் சீக்கிரம் செத்துப்போகும். பாலைப் பொறுத்தவரை நம் பழக்கம் நல்ல பழக்கம். காய்ச்சாத பாலில் இருக்கும் ஒரு வகைப் புரதம் மாவைத் தளர்த்தும், காய்ச்சினால் அது அடங்கிவிடும். காய்ச்சி, ஆற வைத்து, ஃபிரிட்ஜில் குளிர்ந்த பாலை ஊற்றுங்கள்.

பால் பிரெட்

9-க்கு 5 அங்குல டின்னுக்கான அளவு: மைதா 400 கிராம், குளிர்ந்த பால் 180 மில்லி, சர்க்கரை 40 கிராம், உப்பு 7 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம், தண்ணீர் 100 மில்லி. முட்டை வேண்டாம். கப்பில் அளக்காமல் தராசில் எடை போடுங்கள். ஒரே கப்பில் ஒருவர் அள்ளினால் 120 கிராம், இன்னொருவர் அமுக்கி அள்ளினால் 150 கிராம் மைதா வரும்.

முதலில் அந்த 400-லிருந்து 20 கிராம் மைதாவை எடுத்து, 100 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டுங்கள். 65 டிகிரியில் அது குழந்தைக்குக் கொடுக்கும் கேழ்வரகுக் கஞ்சி போல் கெட்டியாகும், கரண்டி போன தடம் அடியில் தெரியும். சீன, ஜப்பானியப் பேக்கரிகளில் இப்படிச் செய்வார்கள், தாங்ஜோங் என்று பெயர். வெந்த மாவு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பிரெட் மறுநாளும் மிருதுவாக இருக்கும். இதை ஆற வைத்து, மேலே ஆடை படியாமல் மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சூடாகக் கலந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

மிச்ச மைதா, சர்க்கரை, ஈஸ்ட் மூன்றையும் கிண்ணத்தில் கலந்து, உப்பைச் சேர்த்து, கஞ்சியையும் பாலையும் ஊற்றுங்கள். பாலில் ஒரு மேசைக்கரண்டி கையில் இருக்கட்டும், மைதாவுக்கு மைதா தண்ணீர் இழுப்பு மாறும். முதல் வேகத்தில் இரண்டு நிமிடம், உலர்ந்த மைதா கண்ணுக்குத் தெரியாத வரை. பார்க்க முரடாக இருக்கும், இருக்கட்டும். நிறுத்திவிட்டு ஈரத்துணியால் மூடி இருபது நிமிடம் விடுங்கள். கோடையில் கிண்ணத்தை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

இந்த இருபது நிமிடத்தைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பிரெஞ்சு பிரெட் நிபுணர் ரேமோன் கால்வெல், மெஷினில் மிதமிஞ்சிப் பிசைந்த மாவில் காற்று ஏறி, நிறம் வெளுத்து, ருசி போவதைக் கவனித்தவர். மைதாவையும் தண்ணீரையும் மட்டும் முதலில் கலந்து ஓய்வெடுக்க விடும் ஆட்டோலீஸ் முறையை 1974-ல் அவர்தான் கொண்டுவந்தார். நாம் ஈஸ்ட்டும் உப்பும் போட்டே ஓய்வு விடுகிறோம், அதனால் அவர் முறையின் சாயல்தான் இது. ஆனாலும் பலன் கிடைக்கும். மாவு சும்மா கிடக்கும்போதே குளூட்டன் பாதி கட்டிவிடும், மெஷின் ஓடும் நேரம் குறையும், சூடும் குறையும். மின்சாரம் செய்யும் வேலையில் பாதியைத் தண்ணீரும் பொறுமையும் செய்துவிடுகின்றன.

பிறகு இரண்டாம் வேகத்தில் ஐந்து நிமிடம். கிண்ணத்தின் ஓரத்தை விட்டு மாவு சேர்ந்து வரத் தொடங்கும். இப்போதுதான் வெண்ணெய், அதுவும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக, ஒன்று கரைந்த பிறகு அடுத்தது. ஆரம்பத்திலேயே வெண்ணெய் போட்டால் கொழுப்பு மைதாவைப் போர்த்திக்கொள்ளும், குளூட்டன் கட்டத் தாமதமாகும். வெண்ணெய் போட்டதும் மாவு வழவழவென்று பிரிந்து, கெட்டுப்போனது போல் தெரியும். இந்த இடத்தில் பயந்துபோய் மைதாவை அள்ளிப் போடுகிறவர்கள் ஏராளம். போடாதீர்கள். இன்னும் நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். தப் தப் என்று கிண்ணத்தில் அறையும் சத்தம் கேட்கும், ஓரம் துடைத்தது போல் சுத்தமாகும், அடியில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

சோதிக்கும் முறை இது. எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒரு நிமிடம் விடுங்கள். பின் இரண்டு கைக் கட்டைவிரல்களாலும் நடுவிலிருந்து வெளியே மெல்ல மெல்லத் தள்ளி, திருப்பித் திருப்பி விரியுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் விரல் ரேகையின் நிழல் மாவின் வழியே தெரிய வேண்டும். தெரியும் முன்பே கிழிந்தால் கிழிந்த ஓட்டையைப் பாருங்கள். ஓரம் பல் பல்லாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் பிசைய வேண்டும். ஓரம் வழுவழுப்பான வட்டமாக இருந்தால் முடிந்துவிட்டது, நிறுத்துங்கள். மாவு முதலில் இழுவையாக இருந்து, பிறகு பளபளவென்று மின்னிக் கையில் பிசுபிசுத்தால் அதிகம் ஓடிவிட்டது அல்லது சூடேறிவிட்டது என்று பொருள். தெர்மாமீட்டரைக் குத்துங்கள். 28-க்கு மேல் இருந்தால் உடனே தட்டையாகத் தட்டி, மூடி, இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரும்பாலும் திரும்பிவிடும்.

என் அண்ணன் மகள் போன் பண்ணி, "அத்தை, ரெட்டிப்பாகுற வரைக்கும் ஒரு மணி நேரம்னு போட்டிருக்கு, இங்க அரை மணியிலயே வழிஞ்சிருச்சே" என்றாள். கடிகாரத்தைப் பார்க்காதே கண்ணு, டப்பாவைப் பார் என்றேன். நேரான பக்கங்கள் கொண்ட டப்பாவில் மாவை அமுக்கி, அந்த மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். அதைப் போல் இரு மடங்கு உயரம் வந்ததும் வேலை முடிந்தது. 26 டிகிரி மாவு 32 டிகிரி அறையில் முக்கால் மணியிலும் வரலாம், சற்றுக் கூடவும் ஆகலாம். மாவை விரலால் அழுத்திச் சோதித்தால் பள்ளம் மெதுவாகப் பாதி மேலே வர வேண்டும். ருசி வேண்டுமென்றால் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் விட்டுக் காலையில் சுடுங்கள். எனக்கு அந்தப் பிரெட்தான் பிடிக்கும்.

மாவை மூன்றாகப் பிரித்து உருட்டி, பத்து நிமிடம் மூடி வைத்து, ஒவ்வொன்றையும் நீள்வட்டமாகத் தேய்த்து, இறுக்கமாகச் சுருட்டி, வெண்ணெய் தடவிய டின்னில் மடிப்பு அடியில் இருக்குமாறு வரிசையாக வையுங்கள். டின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரும்வரை உப்பட்டும். அதற்குள் ஓடிஜியை (மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) மேலும் கீழும் கம்பி எரிய 190 டிகிரியில் வைத்து இருபது நிமிடம் சூடேற்றுங்கள். மேலே பால் தடவி, கீழ்த்தட்டில் 30 முதல் 35 நிமிடம். சின்ன ஓடிஜியில் மேல்கம்பி பக்கத்திலேயே இருக்கும், அதனால் இருபதாவது நிமிடத்தில் நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள். நடுவில் குத்தினால் 93 டிகிரி காட்ட வேண்டும். உடனே டின்னிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள். டின்னிலேயே விட்டால் ஆவி இறங்கி அடிப்பக்கம் நசநசக்கும். ஒரு மணி நேரமாவது ஆறிய பிறகுதான் கத்தி.

நாளிதழில் "நாளை மின்தடை" அறிவிப்பில் உங்கள் பகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். இடையில் கரண்ட் போனால், மாவு உப்பும் கட்டத்தில் இருந்தால் பிரச்சினையில்லை, ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள், மூடிய ஃபிரிட்ஜ் சில மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்திருக்கும்.

அதே மாவில் பன்

60 கிராம் உருண்டைகளாகப் போட்டால் பன்னிரண்டு பன் வரும். 190 டிகிரியில் 15 நிமிடம், எடுத்ததும் சூட்டோடு வெண்ணெய் தடவினால் மேல்தோல் மெத்தென்று ஆகும். இதைக் குறுக்கே வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டு வாட்டி, ஜாம் தடவினால் எங்கள் ஊர் டீக்கடை பன் பட்டர் ஜாம்தான், ஆனால் டீக்கடையில் பன் இவ்வளவு புதிதாகக் கிடைக்காது. தேங்காய் பன் வேண்டுமென்றால் ஒரு மூடித் தேங்காயைத் துருவி, அதில் நான்கில் ஒரு பங்கு எடை சர்க்கரை, ஏலக்காய், டூட்டி ஃப்ரூட்டி சேர்த்து, வாணலியில் ஈரம் சுண்டும்வரை வதக்கி ஆற வைத்து உள்ளே வைத்து மூடுங்கள். ஈரத் தேங்காயை அப்படியே வைத்தால் உள்மாவு வேகாது.

கோதுமை மாவும் பரோட்டாவும்

முழுக்கோதுமை மாவில் தவிடு இருக்கும், அது குளூட்டன் வலையை அறுக்கும். கல்லில் அரைத்த மாவு தண்ணீரையும் கூடுதலாகக் குடிக்கும். பாதி மைதா, பாதி கோதுமை மாவு என்று தொடங்கி, பாலை 20 மில்லி கூட்டி, ஓய்வை அரை மணி நேரமாக்கி, மெஷின் நேரத்தைக் குறையுங்கள். முழுக்க கோதுமை மாவு என்றால் கனமாகத்தான் வரும், நெய்யோடு ருசியாக இருக்கும்.

பரோட்டாவுக்கு மெஷின் பெரிய உதவி. மைதா 500 கிராம், தண்ணீர் 285 மில்லி, உப்பு 9 கிராம், சர்க்கரை 10 கிராம், எண்ணெய் 20 மில்லி. ஈஸ்ட் இல்லாததால் ஐஸ் கணக்கு வேண்டாம். முதல் வேகத்தில் எட்டு நிமிடம், எண்ணெய் தடவி மூடி இரண்டு மணி நேரம். அதற்குக் குறைத்தால் வீசும்போது கிழியும்.

வேலை முடிந்ததும் கிண்ணத்தையும் கொக்கியையும் முதலில் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் மாவு வெந்து ஒட்டிக்கொள்ளும். பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து சீக்கிரம் விறைக்கும். வெளியே வைத்தால் இரண்டு நாள், அதற்கு மேல் இந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். மறுநாளே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வேண்டும்போது எடுத்து, உருகக் காத்திருக்காமல் நேரே தோசைக்கல்லில் போட்டு வாட்டிக்கொள்ளலாம்.